நேர்த்தையலைப் பார்த்து வாங்குங்கள்

தையல் மிஷின் வாங்கக் கடைக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து நாலு துண்டுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பிளவுஸுக்கு வைக்கும் லைனிங்கில் ஒரு துண்டு, பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு, கிழிந்த ஜீன்ஸின் கால் மடிப்பு, நைந்துபோன டி-ஷர்ட்டின் கை. கூடவே வெவ்வேறு நிறத்தில் இரண்டு நூல்கண்டு. கடையில் தைத்துக் காட்டுவதற்கென்றே விறைப்பான காடாத் துணி வைத்திருப்பார்கள். அதை இரண்டாக மடித்துக் கொடுத்தால் எந்த மிஷினும் முத்து முத்தாகத் தைக்கும். வீட்டுக்கு வந்து, வழுக்குகிற லைனிங்கை வைத்து மிதிக்கும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியவரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

மேல் நூலுக்குச் சிவப்பும் அடி நூல் சுற்றும் பாபினுக்கு வெள்ளையும் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். துணியின் மேல்பக்கம் சிவப்பு மட்டும் தெரிய வேண்டும், அடிப்பக்கம் வெள்ளை மட்டும். மேலே வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் நூலின் டென்ஷன் இறுக்கம். கீழே சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் அது தளர்வு. டென்ஷன் திருகைக் கொஞ்சம் திருப்பியதும் இரண்டும் சரியாகிவிட்டால் அந்த மிஷினை நம்பலாம். எவ்வளவு திருப்பியும் தையல் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தொங்கி, நடுவில் ஒன்றிரண்டு விட்டு விட்டுப் போனால், எத்தனை டிசைன் போடும் என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மோசமான மிஷினில் பழகுகிறவர், குறை மிஷினில் இருக்கிறது என்று நினைப்பதில்லை. நூல் அறுவதும் துணி சுருங்குவதும் தன் கை வாகு இல்லாததால்தான் என்று நினைக்கிறார். ‘எனக்குத் தையல் வராது’ என்று மூடி வைத்துவிடுகிறார். ஆசையாகச் சேர்த்த காசு போனதைவிட, கைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு தொழில் போனதுதான் பெரிய நஷ்டம். முதல் மிஷினைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: பழகுகிறவரைத் தோற்கடிக்காத மிஷினாக அது இருக்க வேண்டும்.

நல்ல தையல் எப்படி விழுகிறது என்பதைக் கடையிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டை நகர்த்தி, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்பக்கம் இருக்கும். மிஷின் ஊசிக்கு அது முனையை ஒட்டி இருக்கிறது. ஊசி துணிக்குக் கீழே இறங்கி மறுபடி மேலே கிளம்பும் நொடியில், நூல் சின்ன வளையமாக விரிகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகிறது. மிஷினின் முகப்பில் ஏறி இறங்கும் நெம்புகோல் மிச்ச நூலை மேலே இழுக்க, மேல் நூலும் அடி நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. கீழிருக்கும் பல் துணியை ஓர் இம்மி நகர்த்துகிறது. அடுத்த தையல் ஆரம்பம். எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இந்தப் பூட்டுத்தையல் போடும் மிஷினுக்கு. ஐசக் மெரிட் சிங்கர் தன் காப்புரிமையை வாங்கியது 1851-ல். பிறகு சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்கத் தொடங்கியதும் மிஷின் சாதாரண வீடுகளுக்குள் வந்தது. பிளாஸ்டிக், கம்ப்யூட்டர் என்று எத்தனையோ மாறிவிட்டாலும் நம் வீட்டு மிஷின் இன்றும் போடுவது அதே பூட்டுத்தையலைத்தான்.

ஹோவுக்கு முன்னால் பிரான்சில் பார்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் காப்புரிமை பெற்ற மிஷின் வேறு வகை. அது ஒற்றை நூலில் சங்கிலித்தையல் போட்டது. அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்து வருமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மூட்டைக்கு அது பொருத்தம், பிரிப்பதற்காகவே போடுகிற தையல். ஆனால் இன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு, ஸ்டேப்ளர் போல ஒரு கையில் அடங்குகிற குட்டி மிஷின்கள் விற்கிறார்களே, அவை போடுவதும் ஒற்றை நூல் சங்கிலித்தையல்தான். கடைசி முனையை முடிச்சுப் போடாமல் விட்டால் தைத்தது அத்தனையும் அவிழும். அதைவிடச் சற்றுப் பெரிதாக, பேட்டரியிலோ அடாப்டரிலோ ஓடும் மினி மிஷின்கள் இரண்டு நூலில் தைப்பவை. ஆனால் எடை கிடையாது, மோட்டாருக்கு வலு கிடையாது, மடிப்பு கொஞ்சம் தடித்தாலே நின்றுவிடும். என் முடிவு திட்டவட்டமானது: இவை இரண்டையும் முதல் மிஷினாக வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, நல்ல நிலையில் இருக்கும் பழைய கை மிஷின் ஒன்றை வாங்குவது எவ்வளவோ மேல்.

சரி, எதை வாங்கலாம்?

பிளவுஸ், பாவாடை, சுடிதார், தலையணை உறை, குழந்தைக்குக் கவுன். உங்கள் எண்ணத்தில் இருப்பது இவைதான் என்றால், நம் பாட்டிமார்கள் வைத்திருந்த அதே கறுப்பு நேர்த்தையல் மிஷின்தான் என் தேர்வு. இரும்பு வார்ப்பு. தலை மட்டுமே பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தக் கனம்தான் அதன் பலம். வேகமாக மிதித்தாலும் ஆடாது, நாலைந்து மடிப்புத் துணியைக் கொடுத்தாலும் திணறாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் விட வேண்டிய துளைகள் மேலேயே இருக்கும். பாபின் கேஸ், ஷட்டில், பெல்ட், ஸ்பிரிங் எது போனாலும் சிறிய ஊர்க் கடைத்தெருவில்கூடக் கிடைக்கும். கல்கத்தாவின் ஜெய் இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் 1930-களில் உஷா மிஷினை உருவாக்கியதிலிருந்து இந்த வகை நம் நாட்டிலேயே தயாராகிறது. லூதியானாவில் மிஷினும் உதிரி பாகமும் செய்யும் பட்டறைகள் ஏராளம். இயந்திரங்கள் மீது அவ்வளவு கடுமையான விமர்சனம் வைத்திருந்த காந்தியே 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்துப் பேசினார். வீட்டில் இருக்கிறவரின் உழைப்பைக் குறைக்கிற, அவரை வேலையிலிருந்து விரட்டாத இயந்திரம் என்பது அவருடைய பார்வை. இந்த மிஷினில் உட்கார்ந்து பழகிய எந்தப் பெண்ணும் அதை ஒப்புக்கொள்வார்.

மேஜை, இரும்பு ஸ்டாண்டோடு சேர்த்து வாங்குங்கள். கால் மிதியிலேயே பழகத் தொடங்கி, கை நிதானப்பட்ட பிறகு சின்ன மோட்டார் பொருத்திக்கொள்ளலாம். முதுகு வலி, முழங்கால் வலி இருக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே மோட்டார் வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் போட்டதும் ஸ்டாண்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். கரண்ட் போனால் பெல்ட்டை மாற்றி மாட்டி மிதிக்கலாம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவில் அதன் அருமை தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் நேர்த்தையல் மட்டும்தான். சேலைக்குப் பிக்கோ அடிக்க முடியாது, காஜா எடுக்க முடியாது. துணியின் ஓரம் பிசிறும், மடித்துத் தைக்க வேண்டும் அல்லது ஓவர்லாக் கடையில் கொடுக்க வேண்டும். பனியன் துணி இழுபடும்போது நேர்த்தையல் பட்டென்று அறுந்துவிடும்.

பிக்கோ, காஜா எல்லாம் வேண்டும், ஆனால் மேஜை போட வீட்டில் இடமில்லை என்கிறவர்களுக்கு வெள்ளை நிற போர்ட்டபிள் ஜிக்ஜாக் மிஷின். உஷா ஜனோம், சிங்கர், பிரதர் என்று பல இருக்கின்றன. ஆறு கிலோ அளவில்தான் எடை. சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தைத்துவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், குழந்தைகள் உடுப்பும் திரைச்சீலையும் தைக்க நினைப்பவர்கள் இதை வாங்குவதில் தவறே இல்லை. “அக்கா, இதுல இருபது டிசைனுக்கு மேல வருது” என்று விற்பனையாளர் ஆரம்பிப்பார். அதைக் கேட்டு மயங்க வேண்டாம். வீட்டுத் தையலுக்கு உண்மையில் தேவைப்படுபவை நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா. மற்றவை முதல் வாரம் ஆசைக்குப் போட்டுப் பார்ப்பதோடு சரி. டிசைன் எண்ணிக்கைக்குப் பதிலாக வேறு சில கேள்விகள் கேளுங்கள். உள்சட்டம் உலோகமா? பாபின் முன்பக்கம் போடுவதா, மேலிருந்து போடுவதா? மேலிருந்து போடும் வகையில் மூடி வழியாக மிச்ச நூல் தெரியும், புதிதாகப் பழகுகிறவருக்கு அது பெரிய வசதி. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபூட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா? இந்த ஊரில் இதைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர் யார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் யோசியுங்கள்.

பவர் மிஷின் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓடுகிற வகை அது. வேக மாடல்கள் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை போகும். தொழிலாகச் செய்து நாலு காசு பார்க்கத் தொடங்கிய பிறகு வாங்க வேண்டியது. பழகாத கைக்கு அந்த வேகம் ஆபத்து.

பழைய மிஷின் குறைந்த விலைக்குக் கிடைத்தால், பழசு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். கறுப்பு மிஷினில் பழசு நிறையவே நல்லது. பெயின்ட் உரிந்திருப்பதும் தங்க நிறப் பூ அழிந்திருப்பதும் பொருட்டே இல்லை. வீலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், கடகடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது. ஊசி மாட்டும் கம்பியை விரலால் பிடித்து இடம் வலமாக அசையுங்கள், அதுவும் ஆடக் கூடாது. ஷட்டிலின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள், பிசிறோ துருவோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில்தான் நூல் அறுபடும். ஷட்டிலை மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வீல் சுற்றவே மறுத்தால் உடனே பயப்பட வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்ததில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, கழுவி, புது மிஷின் ஆயில் போட்டால் ஓடத் தொடங்கும். இதற்கெல்லாம் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போவது உத்தமம். உங்கள் தெருவில் தைக்கிற அக்காவிடம் கேட்டால் யார் நல்ல மெக்கானிக் என்று சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வந்த மிஷினில் முதல் நாளே பட்டுத் துணியை வெட்டி உட்கார்ந்துவிடாதீர்கள். தையல் வகுப்புகளில் சொல்லித்தரும் பழைய முறையே சிறந்தது: நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கு அடியில் வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுவது. தாளில் விழும் ஓட்டைகள் கோட்டை விட்டு விலகாமல் வரும்வரை துணியைத் தொட வேண்டாம். அந்த ஊசியைப் பிறகு துணிக்கு வைக்காதீர்கள், தாள் அதன் கூர்மையை மழுக்கிவிடும். கால் மிஷினில் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வீல் எப்போதும் நம்மை நோக்கிச் சுற்ற வேண்டும். மிதி தடுமாறிப் பின்பக்கம் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வீலைக் கையால் நம் பக்கமாகச் சுற்றிவிட்டு மிதிக்கத் தொடங்கினால் சில நாட்களில் காலுக்குத் தானாக வந்துவிடும்.

ஊசியில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய ஷிஃபானுக்கு 11, பிளவுஸ் துணிக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடிமனுக்கு 16 அல்லது 18. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் தைத்துவிட்டு மிஷினைக் குறை சொல்வது நியாயமில்லை. தையல் விட்டுப்போனால் டென்ஷனைத் தொடுவதற்கு முன்னால் ஊசியை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். எண்ணெய் என்றால் மிஷின் ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் அது உள்ளே இறுகி மிஷினையே பிடித்துக்கொள்ளும். பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சை வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

வாங்குவதற்கே வழியில்லாதவர்களுக்குத் தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறிய நிலையில் இருக்கும் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வயது, வருமான வரம்பு, தேவையான சான்றிதழ்கள் ஆகியவற்றை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், தேவைப்படுகிற ஒருவர் உங்கள் தெருவில் இருப்பார். அவரிடம் இந்தத் தகவலைச் சொல்லுங்கள், விண்ணப்பம் எழுத உதவுங்கள்.