வெள்ளி ரூபாயும் தோட்டக் கூலியும்

கண்டிக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைச்சரிவில் அமைந்த பன்வில, 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உரிய பெருந்தோட்டப் பிரதேசமாயிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் தண்டை, கொலுசு, காப்பு முதலிய வெள்ளி அணிகள் பண்பாட்டுச் சின்னங்களாகவே பெரிதும் நோக்கப்படுகின்றன. ஆனால், அவர்தம் உழைப்பின் விலையை அளந்த உலோகமும் வெள்ளியே என்பது சிந்திக்கற்பாலது.

1869இல் இந்திய வெள்ளி ரூபா இலங்கையின் சட்டபூர்வ நாணயமாயிற்று. 1872 முதல் அது 100 சதங்களாகப் பகுக்கப்பட்டது. 180 கிரெயின் நிறையுடைய அந்நாணயத்தில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. அதன் மதிப்பு அவ்வெள்ளியின் சந்தை விலையையே சார்ந்திருந்தது.

1871ஆம் ஆண்டின் பின் ஜேர்மனி முதலிய நாடுகள் பொன் நாணயத்துக்கு மாறின. அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்களோ வெள்ளியைப் பெருமளவில் வழங்கின. வெள்ளி விலை சரிந்தது. 1870ஆம் ஆண்டளவில் 2 சிலிங்குக்குச் சற்றுக் குறைவாயிருந்த ரூபா, 1893ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1 சிலிங் 3 பென்ஸாக வீழ்ந்தது.

இவ்வீழ்ச்சி அனைவரையும் ஒரேவிதமாகத் தாக்கவில்லை. தோட்டத்துரை தேயிலையை இலண்டனிற் பொன்னுக்கு விற்றார். கூலியை வெள்ளியில் வழங்கினார். 33 சத நாட்கூலியை எடுத்துக்கொள்வோம். முன்னர் துரைக்கு ஏறத்தாழ 7½ பென்ஸ் செலவாகிய அக்கூலி, பின்னர் 5 பென்ஸுக்குள் அடங்கிற்று. கூலியைக் குறைப்பதாக எவரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. நாணயமே அதனைச் செய்து முடித்தது. இந்தியாவிலோ ஐரோப்பிய அதிகாரிகளுக்கு 1893இல் நாணயமாற்று இழப்பீட்டுப்படி வழங்கப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது.

அதே 1893இல், வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் பொதுமக்களின் உரிமையை இந்திய அரசு நிறுத்தியது. ரூபாவின் மதிப்பு பின்னர் 1 சிலிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. ஆயினும் 1899இல் ஒரு ரூபாவிலுள்ள வெள்ளியின் சந்தை விலை ஏறத்தாழ 10 பென்ஸே. நாணயமும் உலோகமும் இவ்வாறு பிரிந்தன.

இப்பிரிவின் சுமை ஏழைகளின் அணிகள்மீது விழுந்தது. அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்தபின் எஞ்சிய சில காசுகளைச் சேமிக்க, வங்கியை அறியாத தொழிலாளிக்கு வெள்ளியே வழியாயிருந்தது. அது காலில் அணியாகவும் நெருக்கடியில் அடகுப்பொருளாகவும் பயன்பட்டது. முன்னர் ஒரு ரூபா நிறையுள்ள தண்டை ஏறக்குறைய ஒரு ரூபா பெறும். இப்போதோ அதன் மூன்றிலொரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. கடனோ ரூபாவிலேயே நின்றது.

முதலில் கூலியையும் பின்னர் சேமிப்பையும் வெள்ளி அரித்தது. எனவே, மலையகத்தின் பழைய அணிகளை ஆராய்வோர் அவற்றின் வேலைப்பாட்டோடு நின்றுவிடாது, அவற்றைத் தோட்டத்துக் கணக்கேடுகளுடன் சேர்த்து நோக்குதல் இன்றியமையாதது.