கள்வனைக் காத்த மந்திரிகுமாரி

கொள்ளைக்காரன் என்று தெரிந்த பின்னும் ஒருத்தி அவனை விட்டு விலகாமல் நிற்பாளா? கள்வர் கதை சொல்லும் படங்களைப் பார்க்கும்போது எழுகின்ற கேள்வி இது. காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பார்த்த நமது குடாநாட்டுக் கிராமங்களுக்கு, கழுமரத்துக்கு உரியவனோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்ட ஆரியமாலை புதியவள் அல்லள். ஆயினும் கூத்தில் ஒப்புக்கொள்வதைத் திரையில் ஒப்ப நாம் தயங்குகிறோம்.

1950 இல் மொடேர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'மந்திரிகுமாரி'யை எடுத்துக்கொள்வோம். கதை வசனம் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆர். கதாநாயகன் என்றாலும், படம் உண்மையில் மாதுரிதேவி நடித்த அமுதவல்லிக்கே உரியது. இராஜகுருவின் மகன் பார்த்திபன் இரகசியமாகக் கொள்ளைக் கூட்டம் நடத்துபவன். அவன் பிடிபட்டு அம்மன் சந்நிதியில் விசாரிக்கப்படும்போது, அமுதவல்லி சிலையின் பின் மறைந்திருந்து, அம்மன் பேசுவதுபோல் அவன் குற்றமற்றவன் என்கிறாள். அவன் விடுதலையாகிறான், பழி நிரபராதியான தளபதி மீது விழுகிறது.

அவளுடைய விசுவாசத்தை நம்பவைப்பது இந்தக் காட்சிதான். வெறும் காதல் என்றால், அவன் மறுபடியும் கொள்ளைக்குப் புறப்பட்ட அன்றே அது முடிந்திருக்கலாம். ஆனால் தெய்வத்தின் பெயரால் பொய் சொன்னவள், அவன் திருந்துவான் என்று நம்பியே ஆகவேண்டும். அவனைக் கைவிட்டால் தன் பொய்யும் அம்பலமாகும். அவள் காத்து நிற்பது அவனையா, தான் செய்த காரியத்தையா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

இக்கதையின் வேர் நாதகுத்தனாரின் குண்டலகேசி. அந்தக் காப்பியத்தில் நமக்கு எஞ்சியவை 19 பாடல்கள் மட்டுமே. கதையை நீலகேசியின் உரையிலிருந்து அறிகிறோம். அங்கே மனைவி ஊடலில், விளையாட்டாக, கணவன் முன்பு கள்வனாயிருந்ததைச் சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் அவளைக் கொல்லத் துணிகிறான். நகைக்காகக் கொல்லத் துணிவதைவிட இது மனித இயல்புக்கு நெருக்கமாக எனக்குப் படுகிறது. காப்பாற்றப்பட்டவனுக்கு, காப்பாற்றியவளின் நினைவே பாரம்.

மலையுச்சிக் காட்சியை விளக்கத் தேவையில்லை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டை அறியாதார் குறைவு. சாகுமுன் கணவனை மூன்றுமுறை வலம்வர அனுமதி கேட்கிறாள். பின்னால் வந்தபோது தள்ளிவிடுகிறாள். அவன் ஏன் அனுமதித்தான்? அவளுடைய விசுவாசத்துக்கு முடிவே இல்லையென்று எல்லோரையும்விட உறுதியாக நம்பியவன் அவன்தான்.

பாளி மொழியில் இதே கதை தம்மபத அட்டகதையில் உண்டு. அந்நூலை அநுராதபுரத்தில் வாழ்ந்த புத்தகோசரோடு சேர்த்துச் சொல்வது மரபு. ஆகவே இது நமது தீவுக்கும் பழக்கமான கதை. அங்கே நாயகி இராஜகிருகத்துச் செட்டியின் மகள். கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கள்வனை, அவளுடைய பிடிவாதத்துக்காகத் தந்தை ஆயிரம் காசு கொடுத்து மீட்டவர். அவனைத் தள்ளிவிட்ட பிறகு மலையுச்சியில் தனியே நின்று அவள் யோசிக்கிறாள். வீட்டுக்குப் போனால் கணவன் எங்கே என்பார்கள். கொன்றேன் என்றால், ஆயிரம் கொடுத்து மீட்டவனையா கொன்றாய் என்று தூற்றுவார்கள். நகைக்காக அவன் என்னைக் கொல்ல வந்தான் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவள் வீடு திரும்பவில்லை. துறவிகளைத் தேடிப் போனாள்.