சோழ வீரன் என்ன மொழி பேசுவான்?

கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னஞ்சிறு படைவீரன் வாளோடு நிற்கிறான். மவுசால் அவனைத் தட்டினால், “என்ன உத்தரவு?” என்பது போல ஒரு சொல் சொல்வான். எதிரியைக் காட்டினால் இன்னொரு சொல்லைக் கத்திக்கொண்டு பாய்வான். அவன் பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லும் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதில்தான் தகராறே!

“ஏஜ் ஆப் எம்பயர்ஸ்” என்ற போர் விளையாட்டைப் பிள்ளைகள் ஆடுவதைப் பலரும் பார்த்திருக்கலாம். 1997-ல் வந்த முதல் பாகத்தில் வீரர்கள் எழுப்பியது பெரும்பாலும் பொருளில்லாத ஒலிகள். 1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அரபு வீரன் அரபியிலும், சீன வீரன் சீனத்திலும் பேசத் தொடங்கினான்.

2013-ல் இந்த விளையாட்டில் “இந்தியர்” சேர்க்கப்பட்டார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை எல்லாருக்கும் ஒரே பெயர். பேச்சு? இந்தி! சோழனின் போர்வீரனாக நினைத்து ஆடினாலும் அவன் இந்தியில்தான் பதில் சொன்னான்.

2022 ஏப்ரலில் இது மாறியது. பழைய “இந்தியர்” இந்துஸ்தானியர் ஆனார்கள். வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று கூட்டத்தார் புதிதாக வந்தார்கள். ராஜேந்திர சோழனின் கதையும் ஆட்டத்தில் இடம்பெற்றது. திராவிட வீரர்கள் தமிழ் பேசினார்கள். தமிழர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் பெங்களூரில் குடியிருக்கும் தமிழர், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கு என்ன பதில் சொல்வார்? “திராவிடர்” என்ற பெயரில் கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் அடக்கம். வாதாபியை ஆண்ட புலிகேசியின் படையாக நினைத்து ஆடினாலும் வீரன் தமிழ்தான் பேசுகிறான். இந்தி நமக்குச் செய்ததை இப்போது தமிழ் அவர்களுக்குச் செய்கிறது! இதை நியாயம் என்று சொல்ல முடியாது.

கல்வெட்டு சொல்லும் சாட்சி

உண்மையான படைகளில் ஒரே மொழி இருந்ததா என்பதே சந்தேகம். இலங்கையில் பொலன்னறுவையில், புத்தரின் பல் சின்னம் இருந்த கோவிலைக் காக்க ஒப்புக்கொண்ட வேளைக்காரப் படையினர் 12-ம் நூற்றாண்டில் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். அந்தப் படையின் பிரிவுகளில் வலங்கை, இடங்கையோடு வடுகரும் மலையாளரும் சொல்லப்படுகிறார்கள். எழுத்து தமிழ், கூடாரத்தில் பேச்சு பலவிதமாக இருந்திருக்கும்.

கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட கிழக்கு ரோமாபுரியின் கதை இதைவிட வேடிக்கை. விளையாட்டில் அந்நாட்டு வீரர்கள் லத்தீன் பேசுகிறார்கள். ஊர் மக்கள் பேசியதோ பெரும்பாலும் கிரேக்கம். “தப்பு” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். கி.பி. 600-ஐ ஒட்டி எழுதப்பட்ட அவர்களுடைய போர்முறை நூல் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆனால் “நில்”, “நட” போன்ற கட்டளைகளை மட்டும் பழைய வழக்கப்படி லத்தீனிலேயே தருகிறது! வீட்டில் ஒரு மொழி, அணிவகுப்பில் ஒரு மொழி.

எந்தத் தமிழ்?

தமிழ் என்று முடிவு செய்துவிட்டாலும் வேலை முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் கோவில் சுவர்களில் நிறைய இருக்கிறது. ஆனால் அங்கே வெட்டியது மன்னன் புகழையும் நிலக்கொடையையும்தான். காலாட்படைக்காரன் பேச்சை யார் கல்லில் வெட்டினார்கள்? செந்தமிழ் கொடுத்தால் மேடை நாடகம் போல் இருக்கும். இன்றைய சென்னைப் பேச்சைக் கொடுத்தால் சிரிப்பு வரும். வா, போ, வெட்டு போன்ற சிறு சொற்களே பாதுகாப்பானவை. அன்றும் இன்றும் அவை ஒன்றுதான். ஒரு மணி ஆட்டத்தில் ஒரே சொல் நூறு தடவை காதில் விழும் என்பதால் சுருக்கமும் அவசியம்.

நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மதராஸ் ரெஜிமெண்டுக்கு இந்தச் சிக்கல் நிஜமாகவே உண்டு. அதில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடியர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களது போர் முழக்கம், “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” இது தமிழனுக்கும் புரியும், மலையாளிக்கும் புரியும். “கொல்லு” என்றால் கன்னடத்திலும் அதே பொருள்தான்.