மீள்சுழற்சிக் கற்காரை

மீள்சுழற்சிக் கற்காரை என்பது இடிக்கப்பட்ட கட்டடங்களின் கற்காரையை உடைத்துப் பெறும் ஜல்லியை, கருங்கல் ஜல்லிக்கு மாற்றாக முழுமையாகவோ பகுதியாகவோ சேர்த்துச் செய்யப்படும் கற்காரை ஆகும். கற்காரை என்பது பேச்சு வழக்கில் காங்கிரீட் எனப்படுவதாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செருமனியில் குண்டுவீச்சால் சிதைந்த நகரங்களின் செங்கல் இடிபாடுகள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டன. பழனி மலை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இம்முறைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

பழைய ஜல்லியின் இயல்பு

உடைத்த கற்காரைத் துண்டில் கல் மட்டும் இருப்பதில்லை. பழைய சிமெண்டுக் கலவையும் அதன்மேல் ஒட்டியிருக்கும். நுண்துளைகள் நிறைந்த இப்படிவே சிக்கலுக்குக் காரணம். கருங்கல் ஜல்லி பொதுவாகத் தன் எடையில் 1 விழுக்காட்டளவே நீரை உறிஞ்சும். மீள்சுழற்சி ஜல்லி 3 முதல் 8 விழுக்காடு வரை உறிஞ்சக்கூடும். இதனைக் கருதாமல் கலந்தால் சிமெண்டுக்குச் சேரவேண்டிய நீரை ஜல்லி குடித்துவிடும். எனவே ஜல்லியை முன்னரே நனைத்துக்கொள்வர். ஹாங்காங்கில் உருவாகி 2005இல் வெளியான ஆய்வொன்று, நீரை இரு பகுதிகளாகப் பிரித்து, முதற்பகுதியை ஜல்லியுடனும் மணலுடனும் கலந்தபின் சிமெண்டையும், இறுதியாக மீதி நீரையும் சேர்க்கும் முறையை முன்வைத்தது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 383 தரநிலை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மீள்சுழற்சிப் பெருஜல்லியை ஏற்றது. கம்பி இல்லாத கற்காரையில் 25 விழுக்காடும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கற்காரையில் 20 விழுக்காடும், எம்15க்குக் குறைந்த மெலிந்த கற்காரையில் 100 விழுக்காடும் அது அனுமதித்தது. செங்கல், ஓடு கலந்த இடிபாட்டு ஜல்லிக்கோ மெலிந்த கற்காரை மட்டுமே. ஆகவே பொருளின் மதிப்பு பெரும்பாலும் இடிக்கும் இடத்திலேயே, தரம்பிரிக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

பழனி மலையில்

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குச் சிமெண்டும் கம்பியும் மலைப்பாதை வழியே லாரிகளில் ஏறிவர வேண்டும். வத்தலக்குண்டு சாலைவழியே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. இடிபாடுகளைக் கீழே இறக்கவும் அதே பாதைதான். செலவுக்கு அஞ்சிச் சரிவில் கொட்டுவது எளிது. ஆனால் இறுக்கமின்றிக் குவிந்த இடிபாடு வடகிழக்குப் பருவமழையில் ஊறி நகரும், ஓடையை அடைக்கும். இம்மலையின் ஓடைகளே வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் நீர் தருகின்றன.

இடிபாடு தீங்கற்ற மண் என்ற கருத்தும் முழுதும் சரியன்று. புதிதாக உடைத்த கற்காரைத் தூளில் ஊறிய நீரின் பிஎச் அளவு 11ஐயும் தாண்டக்கூடும். அத்தகைய காரநீர் சோலைக்காட்டு ஓடைகளின் உயிரினங்களுக்கு உகந்ததன்று. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், மலைமேல் குப்பைநிரப்பிடம் அமைப்பதைத் தவிர்க்கவும், 25 கி.மீ.க்குள் சமவெளியில் இடம் தேடவும் கூறின. அதேவேளையில் சாலைக்கும் பள்ளம் நிரப்பவும் இத்தகைய கழிவைப் பயன்படுத்த இடமளித்தன. ஓடையருகே அதனைத் தளர்வாக நிரப்புவதைவிட, சிமெண்டில் பிணைத்து நடைபாதைக் கற்களாகவும் அடித்தளப் படுகையாகவும் மாற்றுவதே பாதுகாப்பானது. மலை நகரத்தில் இவற்றுக்குத் தேவை குறைவதில்லை.

கொடைக்கானலின் பழைய கல்வீடுகள் இன்னும் எளியவை. சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைவிட மென்மையானது, கல்லிலிருந்து உதிர்ந்துவிடும். அக்கல்லை உடைக்காமலே மீண்டும் கட்டலாம். கடினமானவை பிற்காலத்துக் கம்பிக் கற்காரை விடுதிகளே. 2019இல் உயர் நீதிமன்ற ஆணையின்படி இந்நகரில் விதிமீறிய பல கட்டடங்கள் முத்திரையிடப்பட்டன. இத்தகைய கட்டடம் இடிக்கப்படுமானால் அதன் இடிபாடு எங்கே போகும் என்பது பொறியியல் கேள்வியும் ஆகும்.

விதிகளும் வரம்பும்

நாட்டின் முதல் இடிபாட்டு மீள்சுழற்சி ஆலை தில்லியின் புராரியில் அமைந்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் நிறுவப்பட்டன. நடுவண் அரசு 2016இல் இதற்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் குறித்தன. இவற்றில் மீள்சுழற்சி இலக்குப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களுக்கே உரியது. மலை நகரத்து வீடோ சிறு விடுதியோ அந்த அளவை எட்டுவது அரிது.

மீள்சுழற்சி ஜல்லி கல்குவாரியின் தேவையையும் குப்பைமேட்டையும் குறைக்கும். கரியமில வாயுவை அவ்வளவாகக் குறைக்காது. கற்காரையின் வாயு வெளியீட்டில் பெரும்பங்கு சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரைச் சுடுவதிலிருந்து வருகிறது. பழைய ஜல்லியை இட்டாலும் சிமெண்டு குறைவதில்லை. சிலவேளை வலிமைக்காகச் சற்றுக் கூடுதலாகவும் சேர்க்க நேரிடும்.