பரியான நரி

கோட்டக்குப்பத்தில் என்னிடம் படம் வரையப் பழகும் பையன்களுக்கு இப்போது ஓநாய்ப் பித்து. நிலவைப் பார்த்து ஊளையிடும் அதே ஓநாய் கைப்பேசியிலிருந்து நோட்டுக்கு வருகிறது, அங்கிருந்து பச்சை குத்தும் கடைக்குப் போகிறது. கேட்டால், "தனியா நிக்கும் சார், கெத்து" என்கிறார்கள். ஓநாயோ பெண்டு பிள்ளைகளோடு கூட்டமாக வாழும் குடும்பஸ்தன். சொன்னால் சிரிக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கலைஞர்களுக்கும் அதன்மேல் ஒரு கண். சீனாவில் பிறந்த சாய் குவோ சியாங் 2006இல் பெர்லினில் 99 ஓநாய் உருவங்களைச் செய்து, கண்ணாடிச் சுவரில் பாய்ந்து மோதுவதுபோல் நிறுத்தினார். முன்னால் போனது விழுந்தபிறகும் பின்னால் வருவது நிற்பதில்லை.

நம் பக்கம் ஓநாய் பழமொழியோடு சரி. ஆடு நனைகிறதே என்று அழுதுவிட்டுப் போய்விடும். அதற்குரிய இடம் இங்கே நரிக்குத்தான். எதிர்பாராமல் காசு வந்தால், "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்கிறோமே! சேலம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் இதை நிஜமாகவே செய்துவந்தார்கள். பொங்கல் முடிந்ததும் காட்டில் வலை விரித்து வங்காநரியைப் பிடிப்பார்கள். கடிக்காதபடி வாயைக் கட்டி, மேளதாளத்தோடு ஊருக்குள் கொண்டுவந்து எல்லோருக்கும் முகம் காட்டிவிட்டுக் காட்டிலேயே விடுவார்கள். அந்த வருஷம் வெள்ளாமை விளையும் என்பது நம்பிக்கை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம் என்று வனத்துறை தடுக்கிறது. சரிதான், அதிர்ஷ்டம் நமக்கு, நடுக்கம் நரிக்கு என்பது என்ன நியாயம்?

நரியின் பெரிய வேடம் மதுரையில். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் காட்டு நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்தார். இரவில் அவை பழையபடி நரிகளாகி, லாயத்துக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் இந்த லீலை நடக்கிறது. எந்த ஓவியனும் விடக்கூடாத காட்சி அந்த நடுராத்திரிதான்: கனைப்பு ஊளையாகிறது, குளம்பு பிளந்து நகமாகிறது.

ஊர் எல்லையில் இன்னொரு குதிரை இருக்கிறது, அய்யனாருடையது. ராத்திரி அதில் ஏறி அவர் காவல் சுற்றுவார் என்பார்கள். நேர்ந்துகொண்டவர் சொல்ல, குயவர் களிமண்ணில் வைக்கோலோ உமியோ பிசைந்து, கால்களை உள்ளீடற்ற குழாய்களாக எழுப்பி, அவை இறுகியபின் உடலை ஏற்றுவார். சூளையில் வெந்து வந்தாலும் அது வெறும் மண்தான். கண் திறந்தபிறகே சாமி வாகனம். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் இந்தச் சுடுமண் வேலைக்குப் பேர்போனது. அந்த ஊர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளின் வாசலிலும் மண் குதிரைகள் நிற்கின்றன. அவற்றுக்கு யாரும் கண் திறப்பதில்லை. பூந்தொட்டி மாதிரி அழகுக்கு வைத்தவை. எனக்கு அதில் வருத்தமில்லை. குயவர் வீட்டுக்கு ஒரு ஆர்டர்.