பம்பாய்க்காரர் வரைந்த சிறுமி மீனா

தாராவியில் காலை நேரம். குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அப்பாவுக்கு முதல் ஷிப்ட். அம்மா வீட்டு வேலைக்குப் புறப்பட்டாக வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது?

"பெரியவள் இருக்கிறாளே! ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் என்ன?"

அந்த ஒரு நாள் ஒரு வாரமாகும், வாரம் வருஷமாகும். தம்பி மட்டும் பையை மாட்டிக்கொண்டு போவான்.

பல வீடுகளில் நடக்கும் இந்தக் கதையை 1990-களில் துணிந்து டெலிவிஷனில் சொன்னது ஒரு கார்ட்டூன் தொடர். பெயர் "மீனா". அவளுக்கு உருவம் கொடுத்தவர் பம்பாய்க்காரரான ராம் மோகன்.

ரசாயனம் படித்தவர்

1931-ல் பிறந்த ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர். மேல்படிப்புக்குப் பம்பாய் வந்தவரைக் கார்ட்டூன் ஆசை பிடித்துக்கொண்டது. 1956-ல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவிலிருந்து வந்திருந்த கிளேர் வீக்ஸ் அங்கே தொழில் கற்றுக் கொடுத்தார். 1968-ல் அந்த வேலையை விட்டார். 1972-ல் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார்.

கார்ட்டூன் வேலை லேசானதல்ல. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஒரே படத்தை இரண்டிரண்டு தடவை காட்டிச் சிக்கனம் செய்தாலும், 10 நிமிஷத்துக்கு 7,200 படங்கள்! கதாநாயகியின் உடையை நடுவில் மாற்றினால் வரைந்ததெல்லாம் வீண்.

மீனாவுக்கு வந்த முதல் வில்லங்கமே உடைதான்.

பொட்டா? முக்காடா?

1991 முதல் 2000 வரையிலான ஆண்டுகளைப் பெண் குழந்தைகளுக்கான பத்தாண்டாக "சார்க்" நாடுகள் அறிவித்திருந்தன. பெண் குழந்தையின் உரிமையைப் படமாகக் காட்ட யுனிசெப் விரும்பியது. டாக்கா அலுவலகத்தில் இருந்த நீல் மெக்கீ இதற்கு முன்னின்றார். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் என நாலு நாடுகளுக்கும் ஒரே பெண் வேண்டும். வரையும் பொறுப்பு ராம் மோகனிடம் வந்தது.

நெற்றியில் பொட்டு வைத்தால் ஒரு மதம். முக்காடு போட்டால் இன்னொரு மதம். சல்வார் போட்டால் ஓர் ஊர்க்காரி. சேலை கட்டினால் சின்னப் பெண்ணாகத் தெரியாது. வரைந்து வரைந்து மாற்றினார்கள். கடைசியில் எந்த நாட்டாரும் "இவள் நம் பெண்தான்" என்று சொல்லும்படி நீளப் பாவாடையும் மேல்சட்டையும் அமைந்தன. பெயரும் அப்படியே. மீனா என்றால் எந்த வீட்டிலும் அன்னியமில்லை. நம் தமிழ் வீடுகளில் எத்தனை மீனாக்கள்!

படங்களையும் கதைகளையும் ஊர் ஊராக எடுத்துச் சென்று, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடமும் பெற்றோர்களிடமும் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத் திருத்தினார்கள். முதல் படங்களின் வேலையில் மணிலாவில் இருந்த ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோவும் கை கொடுத்தது.

இந்த வேலைகள் நடந்த காலத்தில்தான், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும், பம்பாயில் கலவரம் வெடித்தது. தாராவியும் தப்பவில்லை. பெயரைக் கேட்டு, உடையைப் பார்த்து மனிதனை மனிதன் தாக்கினான். அதே ஊர்க்காரர் வரைந்த சிறுமியின் நெற்றியில் எந்த மதமும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கோழித் திருடன்

முதல் கதையில் தம்பி ராஜு பள்ளிக்கூடம் போகிறான். மீனாவுக்கு அனுமதி இல்லை. அவள் தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டுவந்து சொல்வதைப் படிக்கிறாள். எண்ணக் கற்றுக்கொண்ட பிறகு வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது! திருடன் அகப்படுகிறான். அப்பாவுக்குக் கண் திறக்கிறது.

இன்னொரு கதையில் மாம்பழத்தில் பெரிய பங்கு ராஜுவுக்கே. "எனக்கு ஏன் குறைச்சல்?" என்று மீனா கேட்கிறாள். ஒரு நாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அக்காவின் பாடு என்ன என்பது தம்பிக்குப் பொழுது சாய்வதற்குள் புரிந்துவிடுகிறது.

வரதட்சணை, சின்ன வயதுக் கல்யாணம் எதையும் இத்தொடர் விடவில்லை. பெரியவர்கள் மேடை போட்டுச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே கேட்டால் யார் கோபிப்பது? அதற்குத்தான் அத்தனை பாடு. எல்லா வீட்டுக்கும் சொந்தப் பெண்ணாக இருந்தால்தானே எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்!

ராம் மோகனுக்கு 2014-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-ல் அவர் காலமானார். மீனாவுக்கு மட்டும் வயது ஏறவில்லை. செப்டம்பர் 24 மீனா தினமாகக் கொண்டாடப்படுகிறது. வட மாநிலப் பள்ளிகளில் அவள் பெயரில் மாணவியர் மன்றங்கள் உருவாயின.

தாராவியானாலும் செம்பூரானாலும் மாட்டுங்காவானாலும் அவள் கேள்வி ஒன்றுதான். இன்று காலை உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது யார்? கைக்குழந்தையோடு நின்றது யார்?