பதினான்காவது கட்டில்

முதியோர் இல்லம் நடத்துகிறவருக்கு 14 ராசியில்லாத எண். கொல்கத்தாவின் கிடர்பூர் போன்ற ஒரு பேட்டையில், வாடகை வீட்டின் இரண்டு மாடிகளில் 13 பேரைத் தலைக்கு மாதம் 12,000 ரூபாய் வாங்கிப் பராமரித்தால் ஆண்டு வரவு 18,72,000 ரூபாய். இன்னொரு கட்டில் போட்டால் 20,16,000. சேவைத் தொழிலுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம் என்பதால், அந்த ஒரு கட்டில் இல்லத்தை வரி வளையத்துக்குள் தள்ளிவிடுகிறது. வருமான வரிச் சட்டப்படி அறநிறுவனமாகப் பதிவு பெற்ற இல்லத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 60 வயதைக் கடந்தவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினாலும் அதற்கு விலக்கு உண்டு. சொந்தப் பொறுப்பில் இல்லம் நடத்தும் ஒரு நர்சம்மாவுக்கு அது கிடையாது. இரு மடங்கு வாங்குபவருக்குச் சலுகை, பாதி வாங்குபவருக்குப் பதிவேடு! இதைக் கேட்க அவர் தனியாகப் போனால் வரிக்குப் பயந்த வியாபாரி என்றுதான் பார்ப்பார்கள். ஐம்பது பேர் கணக்கு நோட்டோடு போனால் உட்காரச் சொல்வார்கள். சிறிய இல்லக்காரர்கள் ஒரே சங்கமாகத் திரள வேண்டியது அவர்கள் லாபத்துக்காக மட்டுமல்ல, அங்கே படுத்திருப்பவர்களுக்காகவும்தான்.

அரசே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வது எளிது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்றோர் தங்கும்படி முதியோர் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். மேற்கு வங்கத்தின் 23 மாவட்டங்களிலும் அப்படி ஒன்று வந்தால்கூட 3,450 கட்டில்கள்தான். 2011 கணக்கெடுப்பிலேயே அங்கே 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 77 லட்சம் பேர். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அவர்களும் குறைந்துவருகிறார்கள். பிள்ளைப்பேறு குறைந்ததில் தமிழ்நாடுதான் முன்னணி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தைகள், மேற்கு வங்கத்தில் 1.6. இலவச இல்லத்தில் சேரும் அளவுக்கு ஏழையும் அல்லாமல், நீச்சல் குளம் வைத்த முதியோர் குடியிருப்புக்குப் பணமும் இல்லாமல் ஒரு நடுத்தரக் கூட்டம் இருக்கிறது. குமாஸ்தாவின் விதவை, துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்ட லேக் மார்க்கெட் தமிழ்த் தம்பதி என்று பலர். மாதச் சில ஆயிரங்களில் இவர்களுக்குக் கிடைப்பது சிறிய இல்லம், இல்லையென்றால் ஆயா சென்டரிலிருந்து வரும் ஓர் ஆயா.

இந்தச் சிறிய இல்லங்களுக்குக் கண்டம் வரப்போவது தரவிதிகளால் என்பது என் கணிப்பு. தனியார் இல்லங்கள் அனைத்தும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரத்தைக் காட்ட வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அந்த மக்களவை 2024இல் கலைந்தபோது அதுவும் காலாவதியானது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வேறு எண்ணோடு திரும்பும், திரும்பவும் வேண்டும். 2011 டிசம்பரில் தெற்குக் கொல்கத்தா மருத்துவமனைத் தீயில் சுமார் 90 பேர் மாண்ட ஊர் அது. தீப்பாதுகாப்பை யாரும் தள்ளுபடி கேட்க முடியாது. ஆனால் விதியை எழுதுபவர் மனத்தில் இருப்பது எந்தக் கட்டடம்? கொல்கத்தாவின் பழைய பேட்டைகளில் டிகா குத்தகை என்று ஒன்று உண்டு. வீடு ஒருவருடையது, அடிநிலம் அவருடையதல்ல. அந்த வீட்டில் நடக்கும் இல்லத்திடம் நிலப் பத்திரம் கேட்டால் எங்கே போவார்கள்? இங்கிலாந்தில் 2002இல் அறையின் நீள அகலம்வரை தேசியத் தரவிதி வந்தபோது, சிறிய இல்லங்கள் மூடப்படும் என்ற குரல் பலமாக எழுந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இல்லங்களுக்கு அந்தக் கட்டட அளவுகளை அரசு பிறகு தளர்த்தியது. குரல் கொடுக்க அங்கே அமைப்புகள் இருந்தன.

இங்கேயும் முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் விடுதிக்காரர்கள் பலர் ஜிஎஸ்டியை எதிர்த்து வழக்காடி, 2024 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், 90 நாளுக்குக் குறையாமல் தங்குபவர்களின் தங்குமிடக் கட்டணத்துக்கு அதே ஆண்டில் நாடு முழுவதும் விலக்கு வந்தது. முதியோர் இல்லக் கட்டணத்தில் சோறும் ஆயாவும் டயப்பரும் கலந்திருப்பதால், அந்த விலக்கு அப்படியே பொருந்துமா என்பதே ஒரு வழக்குக்கு ஆகும். அதை நடத்தவும் கூட்டாக ஒரு பணப்பை வேண்டும். பெண்கள், குழந்தைகள் இல்லங்களுக்கான 1960ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே இல்ல நிர்வாகத்தினர் ஐந்து பேருக்கு இடம் வைத்தது. முதியோர் விஷயத்தில் அதைக் கேட்க ஆளில்லை. கூட்டாகப் பணம் போடுவது கிடர்பூருக்குப் புதிதும் அல்ல. 1780களில் கம்பெனி ராணுவ அதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த பணத்தில் தொடங்கிய அநாதைச் சங்கத்தின் விடுதி, பிறகு கிடர்பூர் மாளிகையில்தான் நடந்தது.

முதலாளிகள் சங்கம் சேர்ந்தால் கட்டணத்தை ஏற்றும், தப்பு செய்தவரைக் காப்பாற்றும் என்பது நியாயமான பயம். பெரிய நிறுவனங்கள் வந்தால்தான் தரம் வரும் என்போரும் உண்டு. அவர்கள் சொல்லும் தரத்தின் விலையைக் கேட்டாலே விவாதம் முடிந்துவிடும். முதல் பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்று பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு முதியவரைக் கட்டிப்போட்டால் அண்டை இல்லத்துக்குத் தெரிந்தாலும் பேசாது. பேசினால் தொழில் பொறாமை என்பார்கள். கட்டணத்தை வாசலில் எழுதிவைப்பது, ஒருவர் இல்லத்தை மற்றவர் முன்னறிவிப்பில்லாமல் பார்ப்பது, தங்கியிருப்போரின் குடும்பத்தாருக்குச் செயற்குழுவில் வாக்கு ஆகிய மூன்றையும் ஏற்காத சங்கம் யாரிடமும் சலுகை கேட்கும் தகுதியை இழக்கிறது. அப்படிப்பட்ட சங்கம் நமக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இல்லம் மூடும் நாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம், நடத்துபவரே படுத்துவிடலாம், அதிகாரிகள் முத்திரை வைக்கலாம். காரணம் எதுவானாலும் அன்று மாலை 13 பேர் எங்கே? இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், இல்லம் நொடித்துப்போனால் அங்கிருந்தவர்களைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. நமது 2007 சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. மறதிநோய் உள்ளவருக்குப் புது அறை, புது முகம், புதுக் கழிப்பறை எல்லாம் ஒரே இரவில் வந்தால் என்ன ஆகும் என்று முதியோரைப் பார்த்துக்கொண்ட யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பேட்டையின் பத்து இல்லங்கள் சேர்ந்து, ஒன்று மூடினால் மற்ற ஒன்பதும் அதே கட்டணத்தில் மூன்று மாதத்துக்கு ஆளுக்கு ஓரிருவரை ஏற்போம் என்று கையெழுத்திடலாம். மருந்துச் சீட்டும், யாருக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்ற குறிப்பும், பழகிய ஆயாவும் கூடவே போக ஏற்பாடு வேண்டும். சங்க விதிகளில் முதலில் எழுத வேண்டியது இது. சந்தாவும் தலைவர் தேர்தலும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.